லாஸ் பின்யாஸ் சூசையப்பர் கோவிலும் அதன் மூங்கில் ஆர்கனும்

யூபிலி மலர் என்றாலே, அடிக்கல் நாட்டியது யார், மணிக்கூண்டு எழும்பியது எந்தச் சுவாமியார் காலத்தில், கொடிமரத்துக்கு மரம் கொடுத்த குடும்பம் எது என்ற செய்திகளைத் தேடித்தான் பங்கு மக்கள் பக்கங்களைப் புரட்டுவர். அது நியாயமே. அவற்றுக்கு இம்மலரில் வேறு பக்கங்கள் உண்டு. இங்கே நாம் காணப்போவது கடல் கடந்த ஒரு பங்கின் வரலாறு. அது பேராலயம் அல்ல. மீனவரும் உப்பளத் தொழிலாளரும் கட்டிய ஒரு கடலோரப் பங்குக் கோவில். புனித சூசையப்பர் பெயரால் விளங்கும் அக்கோவிலின் மேல்மாடத்தில், மிக அரிய ஒரு வாத்தியம் நிற்கிறது. அது மூங்கிலால் செய்த குழல் ஆர்கன்.

பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரான மணிலாவுக்குத் தெற்கே, மணிலா விரிகுடாவை ஒட்டி அமைந்த ஊர் லாஸ் பின்யாஸ். இன்று அது பெருநகரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சாலையில் வண்டிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஒரு சிற்றூர். மீன்பிடிப்பும் உப்பு விளைவிப்பும் ஓரளவு பயிர்த்தொழிலுமே அங்குள்ளோர்க்குப் பிழைப்பு. ஸ்பானியர் ஆட்சிக் காலம் அது. 1795-ஆம் ஆண்டு இவ்வூர்ப் பங்கு அகுஸ்தீன் ரெக்கலெக்ட் சபைத் துறவிகளின் பொறுப்பில் வந்தது. அவர்களில் ஒருவரான தியேகோ செரா சுவாமியார் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33.

செரா சுவாமியார் 1762-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் ஆரகோன் பகுதியில் உள்ள கிராவுஸ் என்ற ஊரில் பிறந்தவர். மெக்சிகோ வழியாகக் கப்பலேறி 1792-ல் பிலிப்பைன்ஸ் வந்தார். மணிலாப் பகுதியில் வேறு ஆர்கன்களையும் செய்து கைதேர்ந்தவர். கட்டடக் கலையும் இயற்கை அறிவியலும் அறிந்தவர். கோவில் பணியோடு நில்லாமல் ஊருக்குச் சாலை வேண்டும், பாலம் வேண்டும் என்று மக்களைத் திரட்டி வேலை செய்தவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நம் வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழைத் தம் மொழியாக்கிக் கொண்டதுபோல, இவர் அந்தத் தீவில் விளைந்த மூங்கிலைத் தம் இசையின் மொழியாக்கிக் கொண்டார் எனலாம். 1830 வரை, அதாவது 35 ஆண்டுகள், இதே பங்கில் இருந்தார். நோய்வாய்ப்பட்ட பிறகே ஓய்வு பெற்றார், 1832-ல் காலமானார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பங்குத்தந்தையர் மாறும் நம் காலத்தில் 35 ஆண்டு என்பது நமக்கு வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே சொல்லப்போகும் வேலை, ஐந்தாண்டில் முடியக்கூடிய வேலை அன்று.

அவர் முதலில் கைவைத்தது கோவிலில்தான். 1797-ல் கற்கோவில் தொடங்கப்பட்டது. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லாகிப் போன ஒருவகைக் கல் அப்பகுதியில் கிடைக்கும். மணிலாவின் பழைய கோவில்கள் பலவும் அக்கல்லால் கட்டியவையே. கருங்கல்லைப்போலக் கடினமானது அன்று. வெட்டவும் செதுக்கவும் எளிது. சுவர்களைத் தடிமனாகவும் உயரம் மிகாமலும் கட்டினர். நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாட்டில் கொத்தனார் கற்ற பாடம் அது. பணி 1819-ல் முடிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! ஊரார் கைப்பணமும் உடல் உழைப்பும் கிடைத்த அளவுக்கு ஏற்ப வேலை நடந்த காலம் அல்லவா. கோவில் முடியும்வரை காத்திராமல், 1816-லேயே சுவாமியார் ஆர்கன் வேலையையும் தொடங்கிவிட்டார்.

ஆர்கன் என்பது என்ன?

நம் கோவில்களில் ஆர்மோனியத்தையே பெரும்பாலும் கேட்டுப் பழகிய நமக்கு, குழல் ஆர்கன் எப்படி வேலை செய்கிறது என்று சற்று விளக்கியாக வேண்டும். ஆர்மோனியப் பெட்டியில் துருத்தியால் காற்றை ஊதுகிறோம். கட்டையை அழுத்தினால் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. குழல் ஆர்கனிலும் துருத்தி உண்டு, கட்டைகளும் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலான ஒலி நாக்கிலிருந்து பிறப்பதில்லை. புல்லாங்குழலில் பிறப்பதுபோல, குழலின் வாயில் காற்று மோதி, உள்ளே உள்ள காற்றுத் தூண் அதிர்வதால் பிறக்கிறது. ஆனால் புல்லாங்குழலுக்குத் துளைகள் உண்டு. ஒரே குழலில் எல்லாச் சுரங்களையும் வாசித்துவிடலாம். ஆர்கன் குழலுக்குத் துளை இல்லை. ஒரு குழல் ஒரே சுரத்தைத்தான் பாடும். ஆகவே எத்தனை சுரங்களோ அத்தனை குழல்கள் வேண்டும். நீளமான குழல் தாழ்ந்த சுரத்தையும், குட்டையான குழல் மேல் சுரத்தையும் தரும். நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். இதுவும் போதாது. புல்லாங்குழல் போன்ற மென்மையான ஒலி வேண்டும், கணீரென்ற ஒலி வேண்டும், எக்காளம்போல முழங்கும் ஒலி வேண்டும் என்றால், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வரிசையாகக் குழல்கள் வேண்டும். வாசிப்பவர் தம் பக்கத்தில் உள்ள பிடிகளை இழுத்தும் தள்ளியும், எந்த வரிசை பாட வேண்டும், எது வாய்மூடி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பார்.

லாஸ் பின்யாஸ் ஆர்கனில் உள்ள குழல்கள் 1,031. அவற்றில் 902 மூங்கில். மீதி 129 உலோகம். இந்த எண்களை நினைவில் வைத்துக் கொள்வோம். அந்த 129-க்கும் ஒரு கதை இருக்கிறது.

ஐரோப்பாவில் ஆர்கன் குழல்களை ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கித் தகடாக்கி, தேவையான அகலத்துக்கு வெட்டிச் சுருட்டிப் பற்றவைப்பர். சில வரிசைகளை மரப்பலகையால் பெட்டிபோலச் செய்வர். பிலிப்பைன்ஸில் வெள்ளீயம் கடல்கடந்து வர வேண்டிய பொருள். மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இரண்டரை நூற்றாண்டு ஓடிய பெரிய வாணிகக் கப்பல்களின் போக்குவரத்து 1815-ல் நின்றுபோயிற்று. சுவாமியார் மூங்கில் வெட்டத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. இது தற்செயலாக இருக்கலாம். எப்படியானாலும், வீட்டுக் கூரை முதல் மீன்கூடை வரை எல்லாவற்றுக்கும் மூங்கிலைக் கையாளும் மக்களிடையே இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். அத்தீவுகளின் மலைவாழ் மக்கள் மூங்கில் குழலை மூக்கால் ஊதிக்கூட இசைப்பர். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் அவர் மூங்கிலை எடுத்தார் என்று கருதுவது அவரைக் குறைவாக மதிப்பதாகும் என்பது என் எண்ணம்.

மணலுக்கு அடியில் மூங்கில்

மூங்கிலுக்குப் பெரும் பகை வண்டு. பச்சை மூங்கிலின் உள்ளே உள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைக்கும். சில மாதங்களில் உளுத்து மாவாகக் கொட்டும். இதைத் தவிர்க்க நம் நாட்டில் மூங்கிலை வெட்டிக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடும் வழக்கம் உண்டு. செரா சுவாமியார் தம் மூங்கில்களைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். பல மாதங்கள் கழித்துத் தோண்டி எடுத்து, பழுதுபடாமல் தேறியவற்றை மட்டும் பயன்படுத்தினார். ஊரில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி இது. கோவிலுக்கு வேண்டிய பொருளை உப்பும் மணலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அவர் கட்டடத்தைப் பார்க்கப் போயிருப்பார்.

வண்டைத் தடுத்தால் மட்டும் போதாது. உலோகத் தகட்டை வேண்டிய சுற்றளவுக்குச் சுருட்டிக்கொள்ளலாம். மூங்கிலை அப்படிச் செய்ய முடியாது. அது தன் இஷ்டப்படி வளர்ந்திருக்கும். ஆர்கனிலோ ஒரு வரிசையில் உள்ள குழல்களின் நீளம் குறையக் குறைய, அவற்றின் பருமனும் ஒழுங்காகக் குறைந்து வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுரம் தடித்தும் அடுத்தது மெலிந்தும் கேட்கும். ஆகவே நூற்றுக்கணக்கான மூங்கில்களிலிருந்து இந்தச் சுரத்துக்கு இந்தக் கழி என்று பொறுக்கி எடுக்க வேண்டும். கணுக்களைத் துளைத்து உள்ளே வழவழப்பாக்க வேண்டும். வாயை வெட்ட வேண்டும். ஊதிப் பார்த்து, மயிரிழை மயிரிழையாக நீளம் குறைத்துச் சுருதி சேர்க்க வேண்டும். அதிகம் வெட்டிவிட்டால் அந்தக் கழி அந்தச் சுரத்துக்கு உதவாது. இப்படி 902 குழல்கள்! திருப்பலிகள், பாவசங்கீர்த்தனங்கள், நோயாளி சந்திப்புகள், கோவில் கட்டட வேலை ஆகிய அனைத்துக்கும் இடையில் இது நடந்தது.

1821-ல் ஆர்கன் வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் எக்காள வரிசைகள் மட்டும் இல்லை. எக்காளக் குழல்கள் மற்றவை போன்றவை அல்ல. நாதசுரத்துக்குச் சீவாளி எப்படியோ, அப்படி அவற்றின் அடியில் ஒரு நாக்கு உண்டு. அது அதிர்ந்து எழுப்பும் ஒலியை மேலே உள்ள கூம்பு வடிவக் குழல் பெருக்கித் தரும். நாதசுரம் அணைசு நோக்கி விரிவதுபோல இந்தக் குழலும் வாய் நோக்கி விரிய வேண்டும். மூங்கிலோ அடி முதல் நுனி வரை அநேகமாக ஒரே சீராகப் போகும். மூங்கிலில் அந்த முழக்கத்தைப் பெற முடியாது என்று சுவாமியார் முடிவு செய்தார். எக்காளங்களை உலோகத்தில் செய்து பொருத்தினார். 1824-ல் வேலை முற்றுப்பெற்றது. அந்த 129 உலோகக் குழல்களின் கதை இதுதான். ‘முழுக்க முழுக்க மூங்கில்’ என்ற பெயர் வாங்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இல்லை. பூசையில் எக்காளம் எக்காளமாக ஒலிக்க வேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

இந்த எக்காளங்கள் மற்றக் குழல்களைப்போல நெட்டாக நிற்பதில்லை. முகப்பிலிருந்து படுக்கையாக, மக்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பானிய ஆர்கன்களின் தனி அடையாளம் அது. கட்டைகளின் இடப்பாதிக்கு ஒரு வரிசையும் வலப்பாதிக்கு வேறொரு வரிசையும் தனித்தனியே வைத்து வாசிக்கலாம் என்பதும் ஸ்பானியர் கண்ட ஏற்பாடு. ஒரே ஆள், இடக்கையால் துணை இசையையும் வலக்கையால் வேறு குரலில் முக்கிய இராகத்தையும் வாசிக்கலாம். இரண்டு வாத்தியங்கள் சேர்ந்து இசைப்பதுபோலக் கேட்கும்.

குழந்தைகளுக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒரு பிடியை இழுத்தால் பறவைகள் கூட்டமாகக் கீச்சிடும். சிறு குழல்கள் தண்ணீரில் வாய் நனைந்தபடி ஊதப்படுவதால் உண்டாகும் ஒலி அது. நம் திருவிழாக் கடைகளில் விற்கும் தண்ணீர் ஊற்றி ஊதும் குருவி விசில் போலத்தான். மற்றொரு பிடியை இழுத்தால் முரசு அதிரும். உள்ளே தோலும் இல்லை, கோலும் இல்லை. சுருதி சற்றே பிசகிய தாழ்ந்த குழல்களை ஒன்றாக ஊதினால் இரண்டும் மோதி முரசொலிபோல உருளும். 1903-ல் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட கடிதத்தில் முரசு போன்ற வாத்தியங்களைக் கோவிலில் தடை செய்தார் என்பதை மூத்தோர் அறிவர். செரா சுவாமியார் அதற்கு எண்பது ஆண்டு முன்பே முரசை ஆர்கனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்!

ஆர்கன் முற்றுப்பெற்ற பிறகு ஆறு ஆண்டுகள் அவரே அதை வாசித்தார். பங்குத்தந்தையும் அவரே, ஆர்கன் வாசிப்பவரும் அவரே.

ஊமையாய்க் கிடந்த காலம்

அதன் பிறகு வந்தவை நல்ல காலங்கள் அல்ல. 1863-லும் 1880-லும் மணிலாப் பகுதியைப் பெரும் நிலநடுக்கங்கள் உலுக்கின. 1863-ல் மணிலாப் பேராலயமே இடிந்து விழுந்தது. லாஸ் பின்யாஸ் கோவிலும் தப்பவில்லை. புயல் கூரையைப் பிய்த்தது. மழை உள்ளே இறங்கியது. கோவில் கூரை ஒழுகினால் நமக்குச் சுவரும் பீடமும்தான் கவலை. அங்கே ஆயிரம் குழல்களும், தோல் துருத்திகளும், மரத்தாலான காற்றுப் பெட்டிகளும் நனைந்தன. காற்றுப் பெட்டியில் ஒரு கீறல் விழுந்தாலே போதும், ஊதாத குழல்கள் தாமே முனகத் தொடங்கும்.

குழல்கள் கழற்றப்பட்டுச் சேமித்து வைக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் அவை பேசவே இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் பங்கின் பொறுப்பை ஏற்ற பெல்ஜியம் நாட்டு மிஷனரிகள் இதன் அருமை அறிந்து ஓரளவு பழுது பார்த்தனர். சில வரிசைகள் பாடின, பல பாடவில்லை. பாடியவையும் சுருதி சேராமல் பாடின. மணிலாவுக்கு வரும் பயணிகள் ‘மூங்கில் ஆர்கன்’ என்று கேள்விப்பட்டு வந்து பார்ப்பதும், வியப்பதும், திரும்புவதும் வழக்கமாயிற்று. காட்சிப் பொருளாக வாழ்வது ஒரு வாத்தியத்துக்கு அரை உயிர்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் பங்கு மக்கள் செய்த ஒரு காரியத்தை நாம் மறக்கக் கூடாது. அவர்கள் அக்குழல்களை அடுப்பில் வைக்கவில்லை. காய்ந்த மூங்கில்தானே! பல தலைமுறைகள் அதன் முழுக்குரலைக் கேட்டதே இல்லை. தாத்தா சொல்லக் கேட்டதுதான். இருந்தும் அது போய்விடாமல் காத்தனர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த மணிலாப் போரில், இந்த்ராமுரோஸ் எனப்படும் பழைய கோட்டை நகரம் தரைமட்டமாயிற்று. அதற்குள் இருந்த பெருங்கோவில்களில் புனித அகுஸ்தினார் கோவில் ஒன்றே எஞ்சி நின்றது. செரா சுவாமியாரின் சபைக்குச் சொந்தமான ரெக்கலெக்ட் கோவிலும் போயிற்று. பேராலயங்களும் துறவு மடங்களும் தம் பொக்கிஷங்களை எல்லாம் இழந்தபோது, ஊருக்கு வெளியே ஓர் ஏழைப் பங்கில் பழுதுபட்டுக் கிடந்த மூங்கில் ஆர்கன் பிழைத்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனை இலத்தீன் திருச்சபையின் மரபுவழி வாத்தியமாக மதிக்கும்படி கூறியது. அதே இடத்தில், வழிபாட்டுக்குத் தகுந்த பிற வாத்தியங்களுக்கும் கதவைத் திறந்தது. நம் பங்குகளில் தபேலாவும் வயலினும் பாடற்குழுவுக்குள் வந்து அமர்ந்தது அதன் பிறகுதான். லாஸ் பின்யாஸ் பங்குக்கோ அந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே பொருளைக் குறித்தன. அது குழல் ஆர்கன்; அதே சமயம் அந்த மண்ணின் மூங்கில்.

1970-களின் தொடக்கத்தில் அரசும் ஊராரும் சேர்ந்து கோவிலையும் ஆர்கனையும் ஒன்றாகச் செப்பனிட முடிவு செய்தனர். ஆர்கனுக்கு 1972-ல் ஜெர்மனியின் பான் நகரத்தைச் சேர்ந்த கிளைஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1882 முதல் தலைமுறை தலைமுறையாக ஆர்கன் செய்துவரும் குடும்பம் அது. 1973-ல் ஆர்கனைப் பிரித்துக் கப்பலேற்றினர். ஒன்றரை நூற்றாண்டாக ஊரின் சொத்தாக இருந்த ஒன்றைப் பெட்டிகளில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்புவது எளிய முடிவன்று. நம் கோவில் தேரைப் பிரித்துப் பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து சொன்னால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஜெர்மானியருக்கும் இது புதிய சோதனை. உலோகமும் மரமும் அவர்களுக்குக் கைவந்தவை, மூங்கில் அப்படியன்று. ஐரோப்பாவின் குளிரிலும், சூடேற்றிய அறையின் வறண்ட காற்றிலும், வெப்ப நாட்டு மூங்கில் சுருங்கி வெடித்துவிடும். அங்கே சுருதி சேர்த்தாலும் மணிலாவின் ஈரக்காற்றில் அது மாறிவிடும். எனவே பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரமும் நிலவும்படி தனி அறை ஒன்றை அமைத்து, அதற்குள் வைத்து வேலை செய்தனர். பழைய குழல்களில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றினர். முடியாததற்குப் புதியது செய்தனர். பான் நகரம் இசை மேதை பேத்தோவன் பிறந்த ஊர். அவருடைய ஒன்பதாம் சிம்பொனி முதன்முதலாக மேடையேறியதும், செரா சுவாமியார் தம் ஆர்கனை முடித்ததும் ஒரே ஆண்டில், 1824-ல். பெட்டிகளில் வந்த அந்த மூங்கிலுக்குப் பொருத்தமான ஊர்தான் வாய்த்தது.

அந்த இடைவேளையில் லாஸ் பின்யாஸில் கோவில் வேலை நடந்தது. பிரான்சிஸ்கோ மன்யோசா, லுட்விக் ஆல்வரெஸ் என்னும் கட்டடக் கலைஞர்கள், பிற்காலத்தில் ஏறிய பூச்சுகளையும் ஒட்டுவேலைகளையும் நீக்கிப் பழைய கல்லை வெளிக்கொணர்ந்தனர். விதானத்துக்கும் மூங்கிலையே பயன்படுத்தினர். கோவிலைப் பழையபடி ஆக்குவது என்றால் புதுச் சாயம் அடிப்பது என்று எண்ணும் நம் ஊர்ச் செப்பனிடும் குழுக்கள் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

1975-ன் தொடக்கத்தில் பான் நகரில் ஆர்கன் ஒலித்துக் காட்டப்பட்டது. மார்ச் மாதம் அது தாயகம் திரும்பியது. ஊர் திரண்டு தெருவில் நின்று வரவேற்றது; பெட்டிகள் ஊர்வலமாக வந்தன. அதே ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் தொடக்க இசைவிழா நடந்தது. பல வயோதிகர்கள் அன்றுதான் தங்கள் கோவில் ஆர்கனின் முழுக்குரலைக் கேட்டிருப்பார்கள். முன் குறிப்பிட்ட பறவைகளும் முரசும்கூடத் திரும்ப வந்தன.

அடுத்த ஆண்டு, 1976 முதல், ஆண்டுதோறும் பன்னாட்டு மூங்கில் ஆர்கன் விழா நடந்து வருகிறது. வெளிநாட்டு ஆர்கன் கலைஞர்கள் வந்து வாசிக்கின்றனர். 2003-ல் பிலிப்பைன்ஸ் அரசு இதைத் தேசியப் பண்பாட்டுக் கருவூலமாக அறிவித்தது. இவை பெருமைக்குரியவைதான். ஆனால் விழாவும் விருதும் மட்டும் இருந்திருந்தால், இது மீண்டும் பயணிகள் பார்த்துச் செல்லும் பொருளாகவே போயிருக்கக் கூடும். இதைக் காப்பாற்றியவை வேறு இரண்டு என்று நான் கருதுகிறேன்.

ஒன்று, அந்த ஆர்கன் திருப்பலியில் இன்றும் வாசிக்கப்படுகிறது. குழல் ஆர்கனைப் பூட்டி வைத்தால் கெட்டுவிடும். தோல் விறைக்கும், தூசு வாயை அடைக்கும், பூச்சி கூடு கட்டும். காற்று போய்க்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும்.

மற்றொன்று ஆள்கள். பங்கில் சிறுவர் பாடற்குழு ஒன்று அமைந்தது. அக்குழுவில் பாடி வளர்ந்த அர்மாந்தோ சலார்சா, ஆஸ்திரியாவில் ஆர்கன் பயின்று, தம் ஊருக்கே திரும்பி இந்த ஆர்கனின் பொறுப்புக் கலைஞரானார். பெருங்கோவில்கள் அழைத்திருக்கக் கூடிய திறமை அவருடையது. பயிற்சி பெற்றவரை ஊருக்குத் திரும்பி வரச் செய்வது, ஆர்கனைத் திரும்ப வரச் செய்வதைவிடக் கடினம் என்பதைப் பாடற்குழு நடத்தும் எவரும் ஒப்புக்கொள்வர்.

செப்பனிடும் தொழிலும் அப்படியே உள்ளூரில் வேர்விட்டது. 1975-ல் வேலை செய்ய ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது. மூங்கில் மூங்கில்தான், முப்பது ஆண்டுக்குள் மறுபடியும் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டிய நிலை வந்தது. 2003-லும் 2004-லும் அந்தப் பணி நடந்தபோது ஆர்கன் கப்பலேறவில்லை. ஐரோப்பாவில் தொழில் கற்றுத் திரும்பிய பிலிப்பைன் நாட்டுக் கைவினைஞர்கள் தங்கள் நாட்டிலேயே அதைச் செய்து முடித்தனர். பொஹோல் தீவின் பழைய கோவில்களில் ஊமையாய்க் கிடந்த ஆர்கன்களையும் அவர்கள் பாட வைத்திருக்கின்றனர். 1994-ல் அவர்கள் தொடங்கிய அந்த ஆர்கன் பட்டறைக்கு வைத்த பெயர் தியேகோ செரா.